தாலாட்டுப் பாடிய தமப்பனார்: பெரியாழ்வார் வைபவம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பாண்டிய நாட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆனி மாதம் ஸ்வாதி திருநக்ஷத்திரத்தில், கருடாம்சராக அவதரித்தவர் விஷ்ணுசித்தர். வடபத்ரசாயிப் பெருமானுக்கு நந்தவனம் அமைத்துப் பூமாலை கட்டிச் சமர்ப்பிப்பதே அவருடைய கைங்கர்யம். வல்லபதேவனுடைய மதுரைச் சபையில், எம்பெருமான் அருளாலே பரத்வத்தை நிர்ணயம் செய்து, பொற்கிழி தாமே தாழ்ந்துவர அதனைப் பெற்றார். யானைமேல் அவர் எழுந்தருளியபோது பெருமாள் கருடாரூடனாய்க் காட்சி தந்தான். அவ்வழகுக்குக் கண்ணெச்சில் படுமோ என்று அஞ்சிய ஆழ்வார், யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு திருப்பல்லாண்டு பாடினார். காக்கும் பெருமானுக்கே காப்பிட்ட இந்தப் பரிவே அவரைப் பெரியாழ்வார் ஆக்கிற்று.

பெற்றோரின் உள்ளமும் இத்தகையதன்றோ! குழந்தை எத்தனை வலியதாயினும் தாயின் அச்சம் தீராது. அந்த அச்சமும் அன்பும் பெரியாழ்வார் திருமொழியில் பாட்டாகப் பெருகின. ஆழ்வார் தாமே யசோதைப் பிராட்டியின் நிலையை அடைந்து, கண்ணனைப் பிள்ளையாக வளர்க்கிறார். திருவவதார மகிழ்ச்சியைப் பாடியபின், திருவடி தொடங்கித் திருமுடி வரை அழகை அனுபவிக்கிறார். பிறகு தொட்டிலிலிட்டுத் தாலாட்டுகிறார். பிரமன் அனுப்பிய பொற்றொட்டிலில் கிடந்தாலும், அந்தப் பிள்ளை உறங்குவதற்குத் தாயின் பாட்டு வேண்டியிருக்கிறது. அடுத்து நிலவை விளையாட அழைக்கிறார். செங்கீரை ஆடுதல், சப்பாணி கொட்டுதல், தளர்நடை நடத்தல், ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்ளுதல் என்று குழந்தையின் ஒவ்வொரு வளர்ச்சிக்கும் ஒரு பதிகம் அமைகிறது.

வீட்டு வேலைகளையும் ஆழ்வார் விடவில்லை. முலையுண்ண அழைப்பதும், ஆசை காட்டிக் காது குத்துவதும், வெண்ணெய் அளைந்த உடம்போடு ஓடும் பிள்ளையை நீராட்ட எண்ணெயும் புளிப்பழமும் வைத்துக்கொண்டு காத்திருப்பதும், குழல்வாரக் காக்கையை அழைப்பதும், பூச்சூட்டுவதும், அந்தியில் காப்பிடுவதும் இங்கே பாட்டாகின்றன. அன்றாடம் மல்லுக்கு நிற்க நேரும் வேலைகளெல்லாம் இசையாலே இனிய விளையாட்டாகி விடுகின்றன. பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்களுக்கு இப்பதிகங்களே வித்து.

இப்பாசுரங்கள் முழங்கிய திருமாளிகையிலேயே ஒரு பெண்பிள்ளையும் வளர்ந்தாள். ஆடிப்பூரத்தில் துளசி வனத்தில் ஆழ்வார் கண்டெடுத்த கோதை அவள். தமப்பனார் தாயாக நின்று கண்ணனைப் பாடினார். மகள் ஆய்ப்பெண்ணாகத் தன்னைப் பாவித்து அவனையே பாடினாள். திருப்பாவையின் 30 பாசுரங்களையும் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களையும் அருளிய அப்பிராட்டி, பதிக முடிவுகளில் தன்னைத் தந்தையின் பெயரோடு சேர்த்தே சொல்லிக்கொள்கிறாள். பிரிவாற்றாமையில் வாடும்போதும், தம் தேவரை வரவழைக்கும் வகை விஷ்ணுசித்தர் அறிவார் என்ற நம்பிக்கையை அவள் விடவில்லை. தந்தை ஊட்டிய பாட்டு மகளுக்குத் தஞ்சமாயிற்று.

ஆனால் அந்தப் பாட்டே அவளைத் தந்தையிடமிருந்து பிரித்தும் சென்றது. திருவரங்கத்தில் கோதை பெரியபெருமாளோடு கலந்தாள். மகளைக் கண்ணன் கொண்டுபோன பின் வெறுமையான வீட்டில் தாய் புலம்புவதாக ஒரு திருமொழி உண்டு. ஒரே மகளை வளர்த்துக் கொடுத்த ஆழ்வாரின் நெஞ்சை நினையாமல் அதனைச் சேவிக்க இயலாது. பெற்ற பேறும் இழந்த இழவும் அவருக்கு ஒன்றேயாயின.

பெற்றோர்க்கு ஆழ்வார் நேரே உபதேசித்ததும் உண்டு. காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு மானிடர் பெயரைப் பிள்ளைகளுக்கு இடாமல், எம்பெருமான் திருநாமத்தை இடுங்கள் என்கிறார். பெயர் சொல்லி அழைக்கும் ஒவ்வொரு முறையும் தாய் நாவில் திருநாமம் வரும் அல்லவா!

இத்திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்யானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போக, அந்த அளவுக்கு மணவாள மாமுனிகள் வியாக்யானம் அருளிச்செய்து நம்மைக் காத்தார். எத்தேசத்தில் வாழ்ந்தாலும், பாகவதர்கள் தம் குழந்தைகளை இப்பதிகங்கள் பாடி உறங்க வைக்கலாம், நீராட்டலாம், பூச்சூட்டலாம். பொருள் விளங்கும் வயது பின்னால் வரும். பாடிய குரல் அதற்கு முன்பே நெஞ்சில் பதிந்திருக்கும்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்
ஆண்டாள் திருவடிகளே சரணம்