எதிர்த்து நின்ற தச்சர்

தென் துருவக் கடல். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பனிக்கட்டி. 1915-ம் ஆண்டு, எண்டியூரன்ஸ் என்ற கப்பல் அதில் சிக்கிக்கொண்டது. கப்பலில் 28 பேர். அவர்களின் தலைவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன்.

அவர் அயர்லாந்தில் 1874-ல் பிறந்தவர். 16 வயதில் கப்பல் வேலைக்குப் போனவர். 1909-ல் தென் துருவத்தை நோக்கி நடந்தார். இன்னும் 112 மைல்தான் பாக்கி. ஆனால் உணவு போதாது. மேலே போனால் கூட வந்த மூவரும் பிழைக்கமாட்டார்கள். உடனே திரும்பிவிட்டார். அந்தப் புகழ் 1911-ல் வேறொருவருக்குப் போயிற்று.

இப்போது கப்பலே போய்விட்டது. 10 மாதம் பனியின் பிடியில் கிடந்து நொறுங்கியது. எல்லோரும் பனிமேல் கூடாரம் அடித்தார்கள். கதகதப்பான தோல் பைகள் 18 பேருக்குத்தான் இருந்தன. சீட்டுக் குலுக்கினார்கள். தோல் பைகள் சாதாரண மாலுமிகளுக்கே விழுந்தன. ஷாக்கிள்டனுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும் வெறும் கம்பளிப் பை! அந்தக் குலுக்கலில் சூது உண்டு. நல்ல சூதுதான்.

சுடப்பட்ட பூனை

கப்பல் தச்சர் மக்நீஷ். கைத்திறமை மிக்கவர், நாக்கும் கூர்மை. அவர் ஒரு பூனை வளர்த்தார். இனி தீனி போட முடியாது என்று அதைச் சுடும்படி ஷாக்கிள்டன் உத்தரவிட்டார். தச்சரின் மனம் கசந்தது.

டிசம்பரில், படகுகளைப் பனிமேல் இழுக்கவேண்டி வந்தது. தச்சர் மறுத்தார். கப்பல் மூழ்கிவிட்டது, இனி உத்தரவுக்குப் பணிய வேண்டியதில்லை என்றார். கப்பல் மூழ்கினால் சம்பளமும் நின்றுவிடுவது அக்கால வழக்கம். ஷாக்கிள்டன் எல்லோரையும் கூட்டினார். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினார். கரை சேரும் நாள்வரை சம்பளம் உண்டு என்றார். கலகம் அடங்கியது.

ஆறு பேர், ஒரு படகு

1916 ஏப்ரலில் யானைத் தீவை அடைந்தார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத பாறை அது. உதவி வேண்டுமானால் 800 மைல் தாண்டி, தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போகவேண்டும். இருந்ததோ 22 அடிப் படகு.

தச்சர் படகின் பக்கங்களை உயர்த்தினார். பெட்டி மூடிகளையும் கித்தானையும் கொண்டு மேலே மூடினார். விளக்குத் திரி, வண்ணப் பூச்சு, கடல்நாயின் இரத்தம் இவற்றால் இடுக்குகளை அடைத்தார்.

உடன் போக ஷாக்கிள்டன் ஐந்து பேரைப் பொறுக்கினார். அதில் தச்சரும் ஒருவர்! படகு உடைந்தால் பழுது பார்க்க அவர் வேண்டும். தீவில் விட்டுப்போனால் மற்றவர்கள் மனத்தையும் கெடுத்துவிடலாம். முணுமுணுப்பவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது ஷாக்கிள்டனின் வழக்கம்.

பதினாறு நாள் பேய் அலைகளோடு போராடிக் கரை சேர்ந்தார்கள். இறங்கியது ஆளில்லாத பக்கம். மூவர் பனிமலையைக் கடக்கவேண்டும். படகின் திருகாணிகளைக் கழற்றி, வழுக்காமல் இருக்க அவர்கள் பூட்சின் அடியில் பொருத்திக் கொடுத்தவரும் அதே தச்சர்தான்.

மூவரும் 36 மணி நேரம் நடந்து மலையைத் தாண்டினர். பிறகு கப்பல் தேடி அலைந்தார் ஷாக்கிள்டன். மூன்று முறை பனி தடுத்தது. நான்காம் முறை, 1916 ஆகஸ்டு 30-ல், தீவில் காத்திருந்த 22 பேரும் உயிரோடு மீட்கப்பட்டனர். (கண்டத்தின் மறுபக்கம் அவர் அனுப்பிய மற்றொரு குழுவில் மூவர் இறந்தனர்.)

பதக்கம் இல்லை

பயணம் போனவர்களுக்கு அரசாங்கம் பதக்கம் கொடுத்தது. நான்கு பேருக்கு மட்டும் இல்லை. அவர்களுக்கு ஷாக்கிள்டன் சிபாரிசு செய்யவில்லை. தச்சர் பெயரும் அந்த நால்வரில்! பனிவெளித் தகராறை அவர் மறக்கவில்லை போலும். பெரிய மனதில் ஒரு சிறிய இடம்.

1922-ல், 47 வயதில், ஷாக்கிள்டன் அதே தெற்கு ஜார்ஜியாவில் மாரடைப்பால் இறந்தார். தச்சர் 1930-ல் நியூஸிலாந்தில் ஏழையாக மாண்டார். 2004-ல் அவருடைய கல்லறைமேல் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். அது அந்தப் பூனையின் சிலை.