நெல்லைக்குத் தலைமையாசிரியராய் வந்தவர்

கல்லூரி முதல்வராக ஒருவர் வருகிறார். பல்கலைக் கழகத் துணைவேந்தராக மற்றொருவர் அமர்கிறார். மாலை விழுகிறது, வாழ்த்து மடல் வாசிக்கப்படுகிறது. அந்த வேலையை அவர் எங்கே கற்றார் என்று யாராவது கேட்டதுண்டா? துணைவேந்தரை நியமிக்கும் உரிமை எவருக்கு என்ற வழக்கு உச்சநீதி மன்றம் வரை சென்றதையும், 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் தீர்ப்பு வந்ததையும் நாடறியும். உரிமை வேண்டியதுதான், மறுப்பாரில்லை. ஆனால், அமர்த்தப்படுகிறவர் என்ன பயின்று வருகிறார் என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை. பத்தாண்டு பேராசிரியராகவோ, ஆராய்ச்சி அல்லது கல்வி நிர்வாக நிறுவனத்திலோ இருந்திருக்க வேண்டும் என்கிறது பல்கலைக் கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி. பத்தாண்டு தாவரவியல் நடத்தியவருக்குச் சம்பளப் பட்டியலும், கட்டடக் கணக்கும், கோபத்தோடு வாயிலில் நிற்கும் மாணவர் கூட்டமும் தாமாகவே விளங்கிவிடுமா?

இந்தக் கேள்வியோடு பழைய ஏடுகளைப் புரட்டும்போது நம் முன் வந்து நிற்பவர் மனோன்மணீயம் சுந்தரனார். அவரை நாம் பாட்டால் அறிவோம். 1970ஆம் ஆண்டு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டு, 2021ஆம் ஆண்டு டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட அந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்கிறோம். எழுதியவர் கல்வி நிலையத்தை நடத்தியவர், கணக்கும் கச்சேரியும் பார்த்தவர் என்பது பலருக்கு நினைவில் இல்லை.

1855ஆம் ஆண்டு ஆலப்புழையிலே பிறந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து குடியேறிய தமிழ்க் குடும்பம். தந்தையார் பெருமாள் பிள்ளை, தாயார் மாடத்தி அம்மாள். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலே படித்து 1876ஆம் ஆண்டு பி.ஏ. தேறினார். அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்த ஹார்வி என்னும் ஆங்கிலேயரின் கண்ணில் இந்த இளைஞர் பட்டார். ஆசிரியர்–மாணவர் என்று தொடங்கிய அந்த உறவு வாழ்நாள் முழுதும் நீடித்தது. பின்னாளில் தம் நாடக நூலையே ஹார்விக்கு உரிமையாக்கினார் சுந்தரனார். பேரூர்க்கடையில் அமைத்த தம் இல்லத்துக்கும் ஹார்விபுரம் என்று பெயரிட்டார். ஒருவரைத் தலைமைக்குப் பழக்குவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நாம் முதலில் காட்டுவது இந்த உறவைத்தான். மூத்தவர் இளையவரைத் தம் அருகே வைத்துக்கொண்டார். வகுப்பை ஒப்படைத்தார். பிறகு தம் இடத்தையே ஒப்படைத்துப் போனார்.

1877ஆம் ஆண்டு நெல்லை அழைத்தது. அப்போது சுந்தரனாருக்கு வயது இருபத்திரண்டு! பாளையங்கோட்டைப் பக்கம் மிஷன் பள்ளிகள் வேரூன்றி நின்ற காலம். நெல்லைப் பெரியவர்கள் தாங்களே நடத்திவந்த ஆங்கிலப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக அவரை வரவழைத்தார்கள். அவர் இருந்தது இரண்டே ஆண்டு. அதற்குள், 1878இல், அந்தப் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. இன்று மதுரை திரவியம் தாயுமானவர் இந்துக் கல்லூரி என்று நாம் அறிவது அதைத்தான்.

பள்ளி கல்லூரி ஆயிற்று என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். அந்நாளில் அதன் பொருள் என்ன? சென்னைப் பல்கலைக் கழகம் 1857இல் பிறந்தது. அது அப்போது பாடம் நடத்தும் இடமல்ல, தேர்வு நடத்திப் பட்டம் தரும் இடம். மெட்ரிகுலேஷன் தேறிய பிள்ளைகளை மேலும் இரண்டாண்டு எஃப்.ஏ. வகுப்பிலே வைத்துப் படிப்பித்து, அந்தத் தேர்வுக்கு அனுப்பத் தகுதி பெற்றால் அது இரண்டாந்தரக் கல்லூரி. அந்தத் தகுதிக்கு ஆசிரியர் வேண்டும், அவர்களுக்கு ஊதியம் வேண்டும், புத்தகம் வேண்டும். உள்ளூர்க் குழுவினர் கையைப் பைக்குள் விடவேண்டும். சம்பளம் கட்டத்தக்க மாணவர் வந்து சேரவேண்டும். கரும்பலகைக்கு முன் நின்று பேசினால் மட்டும் இவை நடந்தேறுவதில்லை. இன்று ஒரு முதல்வர் ஐம்பது வயதில் முதன்முதலாகச் சந்திக்கும் சங்கடங்களை, சுந்தரனார் இருபத்திரண்டிலே சந்தித்தார். எம்.ஏ. பட்டத்தைக்கூட அவர் இதற்குப் பிறகுதான், 1880இல் பெற்றார். பட்டம் பின்னே வந்தது, பொறுப்பு முன்னே வந்தது!

நெல்லை அவருக்கு இன்னொன்றும் தந்தது. கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளை அங்கே கண்டு, குருவாகக் கொண்டார்.

1879இல் திருவனந்தபுரம் திரும்பி மீண்டும் தத்துவம் போதித்தார். பிறகு சமஸ்தானம் அவரை வருவாய்த் துறைக்கு இழுத்துக்கொண்டது. சில ஆண்டுகள் அங்கே உயர் அதிகாரி. தத்துவம் படித்தவருக்கு வரிக் கணக்கு எதற்கு என்று நண்பர்கள் அங்கலாய்த்திருக்கலாம். நாம் அங்கலாய்க்கவில்லை. ஒரு காகிதம் எந்த மேசையில் தூங்கும், எவர் தட்டினால் எழும் என்று தெரியாதவர், எந்தக் கல்லூரியை நடத்துவார்? ஆனால் அதிகார நாற்காலியின் சுகத்தில் அவர் தங்கிவிடவில்லை. 1885இல் வகுப்பறைக்கே திரும்பினார். ஹார்வி இருந்த பேராசிரியர் இடம் அவருடையதாயிற்று. அதே ஆண்டில் திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபையும் தோன்றியது, அவர் முயற்சியால்.

பிறகு பன்னிரண்டு ஆண்டுகள். 1888இல் நூற்றொகை விளக்கம் வெளிவந்தது. அறிவுத் துறைகளை வகை பிரித்து, எது எதனோடு சேரும் என்று தமிழிலே முறைப்படுத்தும் சிறு நூல். எந்தத் துறைக்கு எந்த இடம் என்ற தெளிவில்லாமல் புதுப் படிப்புகளைத் தொடங்கி மூடும் நம் கல்லூரிக் குழுக்கள் இதைத் தேடிப் படித்தால் கெட்டுப்போய்விட மாட்டார்கள். திருஞானசம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குத் தள்ளி வைத்த கால்டுவெல் போன்றோரின் கணிப்பை மறுத்து, அவர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவரல்லர் என்று சான்று காட்டி நிறுவினார். வட்டெழுத்துக் கல்வெட்டுகளைப் படித்துத் திருவிதாங்கூரின் பழைய வேந்தர்களைப் பற்றி எழுதினார். சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஃபெலோவாகவும் இருந்தார்.

1891இல் மனோன்மணீயம். லிட்டன் பிரபுவின் இரகசிய வழி என்ற கதையை எடுத்துக்கொண்டு, அதைத் தமிழ் மண்ணிலே நட்டார். எந்த மண்ணில்? பாண்டியன் சீவகன் மதுரையை விட்டு நெல்லையிலே கோட்டை கட்டுகிறான். தாம் தலைமையாசிரியராக நடந்த ஊரிலேயே தம் அரசனைக் கொண்டுவந்து அமர்த்தினார் கவிஞர்! சீவகன் கெட்டவனல்லன். நல்லவன், ஆனால் பக்கத்திலே நிற்பவன் குடிலன். மன்னன் விரும்புவதையே மன்னனுக்குச் சொல்லும் அமைச்சன். கோட்டை உறுதியென்றும் சேரன் அற்பமென்றும் சொல்லிச் சொல்லியே போருக்கு இழுத்துவிடுகிறான். சுந்தர முனிவர் ஓசையில்லாமல் ஒரு சுரங்கம் அமைத்து வைத்திராவிட்டால் பாண்டியன் கதி என்ன? துணைவேந்தர்களுக்கு வகுப்பு நடத்துகிறவர்கள் மேலாண்மை அட்டவணைகளைக் காட்டுகிறார்கள், காட்டட்டும். குடிலன் வரும் காட்சிகளையும் ஒரு மாலை உரக்கப் படிக்கச் சொல்லலாம். எந்த அலுவலகத்திலே குடிலன் இல்லை?

1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஒட்டிக் கல்லூரி ஆசிரியர்களுக்கென்று பயிற்சி நிலையங்கள் தோன்றின. 2023இல் மாளவியா பெயரில் மறு நாமகரணமும் நடந்தது. ஆசிரியருக்குப் பாடத்தில் பயிற்சி கிடைக்கிறது, நல்லது. நாளைக்கு முதல்வராகப் போகிறவரை இன்றே ஒரு விடுதிக்கும், ஒரு தேர்வு அலுவலகத்துக்கும், ஒரு கணக்குப் பிரிவுக்கும் பொறுப்பாக்கிப் பழக்கும் ஏற்பாடு எத்தனை கல்லூரிகளில் உண்டு? ஓய்வு பெற ஓராண்டு இருக்கையில், மூப்பு வரிசைப்படி நாற்காலி வருகிறது. அவர் வேலையைக் கற்று முடிக்கும்போது விடைபெறு விழா!

1896இல் ராவ் பகதூர் பட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, 1897 ஏப்ரல் 26ஆம் நாள், நாற்பத்திரண்டு வயதிலே மறைந்தார். ஹார்விபுரத்துப் பிள்ளை நடராஜன், பிற்காலத்தில் திருவிதாங்கூர்–கொச்சி அரசில் நிதியமைச்சராக அமர்ந்தார்.

1990இல் நெல்லையிலே எழுந்த பல்கலைக் கழகத்துக்குச் சுந்தரனார் பெயரைச் சூட்டினார்கள். அதன் எல்லை குமரி முனை வரை நீள்கிறது. மேற்கே மாஞ்சோலை மலையும் அதற்குள் அடங்கும். மாஞ்சோலையிலே கல்லூரி கிடையாது. தேயிலை கிள்ளியவரின் பிள்ளை பட்டம் படிக்க வேண்டுமானால் மணிமுத்தாறு வழியே மலையிறங்கி, அம்பாசமுத்திரத்துக்கோ நெல்லைக்கோ வரவேண்டும். 2024ஆம் ஆண்டு அந்தத் தோட்டத்தைக் கம்பெனி கைவிட்டபோது, வேலையோடு லயன் வீட்டையும் இழக்கும் நிலை வந்தது. அப்படி ஒரு பிள்ளை கட்டணம் கட்ட ஒரு தவணை கேட்டும், விடுதியில் ஓர் இடம் கேட்டும் மனு எழுதினால், அது போய்ச் சேருவது முதல்வரின் மேசைக்குத்தான்.