கைவிடப்பட்ட முதியோரின் தாய்: புனித ஜீன் ஜுகன்

கடலுக்குப் போன தந்தை கரை திரும்பாத வீட்டின் துயரம் நம் தீவக மக்களுக்குப் புதிதன்று. பிரான்சின் வடமேற்குக் கரையிலுள்ள கன்கால் என்னும் மீன்பிடி ஊரில் 1792 ஒக்டோபர் 25இல் பிறந்த ஜீன் ஜுகன் அத்தகைய வீட்டில் வளர்ந்தவர். நான்கு வயது நிறையுமுன்னே தந்தையைக் கடல் கொண்டது. வறுமையின் காரணமாக இளவயதிலேயே ஒரு செல்வர் வீட்டுச் சமையலறையில் வேலைக்கமர்ந்தார். 25ஆம் வயதில் சென் செர்வான் நகருக்குச் சென்று, அங்கு மருத்துவமனையில் நோயாளரைப் பராமரித்தார்.

1839ஆம் ஆண்டின் குளிர்காலம். பார்வையிழந்து, பாரிசவாதத்தால் நடக்க இயலாதிருந்த ஆன் ஷோவென் என்னும் மூதாட்டி கவனிப்பாரற்றுக் கிடந்தார். ஜீன் அவரைத் தமது வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலிலேயே கிடத்தினார். தாம் கூரையடியில் படுத்துக்கொண்டார். ஒருவருக்குப் பின் ஒருவராக ஏனையோரும் வந்து சேர்ந்தனர். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை இவ்வாறே தோன்றியது.

முதியோரைப் பிச்சைக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அவர்கள் முன்பு எந்தெந்த வாசலில் நின்றார்களோ அதை விசாரித்து, கூடையுடன் தாமே அவ்வாசல்களுக்குச் சென்றார். இயன்றவர்களுக்கு நூல் நூற்கும் வேலை கொடுத்தார். உணவு மட்டுமன்றி மானமும் முதியோருக்கு உரியதென்பதை அவர் அறிந்திருந்தார்.

அத்தகையவரே பின்னர் புறக்கணிக்கப்பட்டார். 1843இல் சகோதரிகள் அவரை மீண்டும் தலைவியாகத் தெரிவுசெய்தனர். சபையை வழிநடத்திய லெ பாய்யூர் என்னும் குருவானவர் அத்தெரிவைத் தள்ளி, இளம் சகோதரி ஒருவரை நியமித்தார். காலப்போக்கில் தாமே நிறுவுநர் என்று காட்டிக்கொண்டார். 1852 முதல் 27 ஆண்டுகள் ஜீன் தாய்மடத்தில் பொறுப்பேதுமின்றி ஒதுக்கி வைக்கப்பட்டார். அவரோடு வாழ்ந்த இளம் கன்னியர் பலருக்கு அவரே நிறுவுநர் என்பது தெரியாது. 1879 ஓகஸ்ட் 29இல், 86ஆம் வயதில் அவர் இறந்தபோது சபைக்கு 177 இல்லங்கள் இருந்தன. 1888இல் கொழும்பிலும் ஓர் இல்லம் உருவாயிற்று. 1890இல் உரோமை விசாரணை நடத்தி அக்குருவானவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 2009இல் ஜீன் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அன்பு வாசகர்களே, பக்தியுள்ள ஒரு மடத்திலேயே இத்தகைய அநீதி நடந்ததென்றால், எந்த இல்லத்தையும் நம்பிக் கண்மூடியிருக்கலாகாது. ஜீன் மௌனமாகப் பொறுத்துக்கொண்டார் என்று சொல்லி, நம் ஆச்சியையும் அப்புவையும் பொறுத்துக்கொள்ளச் சொல்வது பெரும் தவறு. அடுத்த வேளைச் சோற்றுக்கு மற்றவர் கையை எதிர்பார்ப்பவர் பயத்தினாலும் மௌனமாயிருப்பார்.

இறுப்பிட்டியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். பணம் அனுப்புகிறார்கள், தொலைபேசியில் முகமும் பார்க்கிறார்கள். ஆனால் முதுகிலுள்ள படுக்கைப் புண் அதில் தெரியாது. ஆகவே, உறவினர் ஒருவர் நேரில், சொல்லாமல், வெவ்வேறு நேரங்களில் சென்று பார்க்கட்டும். காரணம் சொல்லப்படாத காயம், உடல் மெலிவு, நனைந்த படுக்கை, வேளைக்குக் கொடுக்கப்படாத மருந்து, பராமரிப்பவர் வந்ததும் அடங்கும் பேச்சு ஆகியவை அடையாளங்கள். தனியே இருந்து, அவசரப்படுத்தாமல் கேளுங்கள். கண்டதைத் திகதியுடன் எழுதி வையுங்கள். வைத்தியரிடம் காட்டுங்கள். இல்லப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பயனில்லையேல் பிரதேச செயலகத்தில் முதியோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் முறையிடுங்கள். அடி, உதை என்றால் பொலிசாரிடம் செல்லத் தயங்க வேண்டாம். முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு.

ஜீனுக்கான நீதி அவர் இறந்து பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது. நம் வீட்டு முதியோருக்கு அது அவர்கள் உயிரோடிருக்கும்போதே கிடைக்கட்டும். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஒருவரையாவது போய்ப் பார்ப்போமா?