மலைக்கு ஏணி போட்ட மெக்கானிக்

நீலகிரியில் கேத்தி என்று ஓர் ஊர். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே உள்ள அழகிய பள்ளத்தாக்கு.

அந்தப் பக்கத்துச் சாலையில் சைக்கிளில் போகிறவர்கள் இறக்கத்தில் பறப்பார்கள். ஏற்றம் வந்தால் இறங்கி விடுவார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள்.

கியர் வைத்த சைக்கிள்காரர் மட்டும் இறங்க மாட்டார். பெடல் பக்கத்தில் சிறிய பல் சக்கரம், பின் சக்கரத்தில் பெரிய பல் சக்கரம் என்று சங்கிலியை மாற்றிக் கொள்வார். கால்கள் அதிக முறை சுற்றும். வேகம் குறையும். ஆனால் காலுக்குப் பாரம் குறைந்து விடும். மெல்ல மெல்ல மேட்டில் ஏறி விடுவார்.

சைக்கிள் சரி. பல பெட்டிகளை இழுக்கும் ரெயில் என்ஜின் மலை ஏறுவது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே தன் வாழ்நாளைக் கழித்தார் ஒருவர். அவர் பெயர் நிக்கோலஸ் ரிக்கன்பாக். சுவிட்சர்லாந்துக்காரர். நீலகிரி மலை ரெயிலின் கதையில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.

தந்தையை இழந்த சிறுவன்

1817-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி, பிரான்சு நாட்டில் உள்ள அல்சாஸ் பகுதியில் ரிக்கன்பாக் பிறந்தார். தந்தை, பீட்ரூட் கிழங்கில் இருந்து சர்க்கரை எடுக்கும் தொழில் செய்தவர்.

சிறு வயதிலேயே தந்தை இறந்து போனார். தாய் தன் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்.

ரிக்கன்பாக் கல்லூரிக்குப் போகவில்லை. பட்டறையில் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டார். பிறகு பாரிஸ் நகருக்குப் போனார். பகலில் பட்டறை வேலை. இரவில் கணக்கும் விஞ்ஞானமும் படித்தார்.

அப்போது பாரிசில் ரெயில் புதிதாக ஓடத் தொடங்கி இருந்தது. அதைப் பார்த்ததுமே அவர் முடிவு செய்து விட்டார். இனி என்ஜின் கட்டுவதுதான் தன் தொழில் என்று!

1840-ம் ஆண்டில் ஜெர்மனியில் உள்ள கார்ல்ஸ்ரூ நகரத்து என்ஜின் தொழிற்சாலையில் சேர்ந்தார். சுவிட்சர்லாந்து நாட்டுக்குள் முதல் ரெயில் பாதை 1847-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதில் ஓடிய "லிம்மாட்" என்ற என்ஜினைக் கட்டியதில் அவருக்குப் பங்கு உண்டு.

வழுக்கிய சக்கரங்கள்

சில ஆண்டுகளில் அவருக்கு நல்ல பதவி கிடைத்தது. ஓல்டன் என்ற ஊரில் இருந்த பெரிய ரெயில்வே பட்டறைக்குத் தலைவர் ஆனார்.

அந்த ஊருக்கு அருகே ஹவன்ஸ்டைன் என்ற மலைப்பாதை இருந்தது. 38 அடி தூரம் போனால் 1 அடி உயரும் ஏற்றம். அங்கேதான் தொல்லை வந்தது.

மழை நாளில் தண்டவாளம் நனைந்து விடும். என்ஜினுக்குப் பலம் இருந்தது. ஆனால் சக்கரத்துக்குப் பிடி இல்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. சேற்றில் சிக்கிய வண்டி போல என்ஜின் தவித்தது.

சைக்கிளுக்கு மேட்டில் பலம் போதாது. என்ஜினுக்கு மேட்டில் பிடி போதாது.

ரிக்கன்பாக் யோசித்தார். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஓர் ஏணியைப் படுக்க வைத்தால் என்ன? என்ஜினுக்கு அடியில் ஒரு பல் சக்கரத்தை மாட்டினால் என்ன? சக்கரத்தின் பற்கள் ஏணிப்படிகளில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு ஏறும். வழுக்கவே முடியாது!

பல் வைத்த தண்டவாளம் அதற்கு முன்பும் இருந்தது. 1812-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நிலக்கரி வண்டி இழுக்க அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் பயணிகளை ஏற்றிக்கொண்டு செங்குத்தான மலையில் ஏறுவது வேறு வேலை.

1863-ம் ஆண்டில் தன் திட்டத்துக்குப் பிரான்சு நாட்டில் உரிமைப் பதிவு பெற்றார். படித்த என்ஜினீயர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. வருடங்கள் ஓடின. திட்டம் காகிதத்திலேயே கிடந்தது.

பிறந்த நாள் பரிசு

1869-ம் ஆண்டில் அமெரிக்காவில் இருந்து ஒரு செய்தி வந்தது. மவுண்ட் வாஷிங்டன் என்ற மலையின் உச்சிக்கு, மார்ஷ் என்பவர் பல் தண்டவாளத்தில் ரெயில் விட்டு விட்டார்!

ரிக்கன்பாக் சோர்ந்து விடவில்லை. இது நடக்கக்கூடிய காரியம் என்பதற்கு அதுவே சாட்சி ஆயிற்று. இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ரிகி என்ற மலைக்குப் பாதை போட்டார்.

அங்கே 4 அடிக்கு 1 அடி ஏற்றம்! வீட்டு மாடிப்படியில் பாதி செங்குத்து என்று சொல்லலாம்.

1871-ம் ஆண்டு மே 21-ந் தேதி ரிகி ரெயில் திறக்கப்பட்டது. அன்று அவருக்கு 54 வயது நிறைந்தது. ஐரோப்பாவிலேயே மலை ஏறிய முதல் பல் சக்கர ரெயில் அதுதான்.

அந்த என்ஜினிலும் கியர் உண்டு. நீராவி முதலில் ஒரு சிறிய பல் சக்கரத்தைச் சுற்றும். அது பெரிய சக்கரத்தைச் சுற்றும். வேகம் குறைந்து பலம் கூடும். கேத்தி சைக்கிள்காரர் செய்வதும் இதே வித்தைதான்.

இன்னொரு ஏற்பாடும் செய்தார். என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும். ஏறும்போது பெட்டியைக் கீழே இருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும்.

ஏறுவதை விட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். பிரேக்கை விடாமல் அழுத்தினால் தேய்ந்து சூடேறி விடும். அதற்கும் வழி கண்டார். இறங்கும்போது நீராவியை நிறுத்தி விட்டு, சிலிண்டருக்குள் காற்றை இழுத்து அடைக்கச் செய்தார். அடைபட்ட காற்று எதிர்த்து நின்று வண்டியைப் பிடித்துக்கொண்டது. பயணிகளின் உயிருக்கு அந்தக் காற்றே காவல்!

நீலகிரிக்கு வந்தார்

1873-ம் ஆண்டில் மேட்டுப்பாளையம் வரை ரெயில் வந்து விட்டது. அதற்கு மேல் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். மலைக்கு ரெயில் விட வேண்டும் என்று பேச்சு நடந்தது.

1882-ம் ஆண்டில் அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் ரிக்கன்பாக் நீலகிரிக்கு வந்தார். வயது 60-ஐத் தாண்டி விட்டது. மலையைப் பார்த்துத் திட்டம் தயாரித்தார். 1 லட்சத்து 32 ஆயிரம் பவுன் செலவாகும் என்று கணக்குக் கொடுத்தார்.

ரிக்கன்பாக் வளர்ந்த பாசல் நகருக்கும் கேத்திக்கும் ஏற்கனவே ஒரு தொடர்பு உண்டு. அந்த நகரத்துப் பாதிரிமார்கள் 1846-ம் ஆண்டிலேயே கேத்தியில் தங்கி, படுகர் மக்களிடையே பணி செய்து வந்தார்கள்.

ரிக்கன்பாக்கின் திட்டத்தை நிறைவேற்ற "நீலகிரி ரிகி ரெயில்வே" என்ற கம்பெனி கூடத் தொடங்கினார்கள். ஆனால் பணம் சேரவில்லை. கம்பெனி கலைந்தது. திட்டமும் போயிற்று.

முந்திய சீடன்

அதே 1882-ம் ஆண்டில் இன்னொரு சம்பவம் நடந்தது.

ரோமான் ஆப்ட் என்ற இளைஞர், ஓல்டன் பட்டறையில் ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்தவர். குருவிடம் கற்ற வித்தையில் ஒரு திருத்தம் செய்து உரிமைப் பதிவு பெற்றார்.

ஏணிக்குப் பதிலாக, பல் வெட்டிய இரும்புப் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு பட்டையின் பல் உள்ள இடத்தில் அடுத்த பட்டைக்குப் பள்ளம் இருக்கும். ஒரு பல் விடுவதற்குள் மற்றொரு பல் பிடித்துக்கொள்ளும். குலுக்கல் குறைவு. இரும்பும் குறைவு.

நீலகிரிக்கு இரண்டாவதாக வந்த கம்பெனி, சீடனின் முறையைத்தான் எடுத்துக்கொண்டது. 1891-ம் ஆண்டில் கவர்னர் வென்லாக் பிரபு வேலையைத் தொடங்கி வைத்தார். மூன்றே ஆண்டில் அந்தக் கம்பெனியும் நொடித்தது. வேறொரு கம்பெனி வந்து வேலையை முடித்தது.

1899-ம் ஆண்டு ஜூன் மாதம் மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ரெயில் ஓடியது. அடுத்த மாதம், ஜூலை 25-ந் தேதி, ஓல்டன் நகரில் ரிக்கன்பாக் காலமானார். அவருக்கு வயது 82.

இன்றும் ஓடுகிறது

1908-ம் ஆண்டில் பாதை ஊட்டி வரை நீண்டது. கேத்தி வழியாக ரெயில் போகத் தொடங்கியது அப்போதுதான்.

கேத்தியில் தண்டவாளத்துக்கு நடுவே பல் பட்டையைத் தேடினால் கிடைக்காது. அங்கே ஏற்றம் கொஞ்சம் குறைவு. சாதாரணச் சக்கரத்தின் பிடியே போதும். கல்லாறு முதல் குன்னூர் வரை சுமார் 19 கிலோமீட்டர் தூரத்துக்கே பல் பட்டை உண்டு. அங்கே 12 அடிக்கு 1 அடி ஏற்றம். சைக்கிள்காரர் மேட்டுக்கு மேடு கியர் மாற்றுவது போலத்தான் இதுவும்.

16 குகைகள், 208 வளைவுகள், 250 பாலங்கள். 46 கிலோமீட்டர் போக ஏறத்தாழ 5 மணி நேரம். 2005-ம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்த ரெயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கல்லாற்றைத் தாண்டியதும் என்ஜின் இன்றும் பின்னால் நின்றுதான் தள்ளுகிறது. மலை ரெயிலில் குழந்தைகளோடு போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே காட்டைப் பார்ப்பார்கள். கல்லாறு வந்ததும் ஒரு நிமிடம் தண்டவாளத்தையும் பார்க்கலாம். நடுவே ஓடும் அந்தப் பல் பட்டை, சீடன் செய்தது. மலைக்கு ஏணி போடலாம் என்று காட்டியவர், அந்தப் பழைய மெக்கானிக்!