1,300 போட்டோ... 15 கோடு... ஆன்டிமேட்டரைப் பிடித்த கார்ல் ஆண்டர்சன்!

உங்க போன் கேலரியில 1,300 போட்டோ இருக்கு, எல்லாத்துலயும் வெறும் கோடுதான்னு வெச்சுக்கோங்க. மொத்தமா டெலீட் பண்ணிடுவீங்கதானே? கார்ல் ஆண்டர்சன் ஒவ்வொண்ணையும் உத்துப் பார்த்தார். அதில் 15 கோடுகள் அவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தன.

1905-ல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் ஸ்வீடன்காரர்கள். கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படிக்கப் போய், இயற்பியலில் சிக்கிக்கொண்டார். 1930-ல் பிஹெச்.டி முடித்தவரிடம், ஏற்கெனவே நோபல் வாங்கியிருந்த பேராசிரியர் மில்லிகன் கொடுத்த வேலை, விண்வெளியிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர்களைப் படம்பிடிப்பது.

அதுக்கான கருவி கிளவுட் சேம்பர். உள்ளே ஈரக்காற்று. துகள் ஒண்ணு பாய்ந்தால், ஜெட் விமானம் போன தடம் மாதிரி துளிகளால் ஒரு கோடு விழும். சுற்றிலும் ராட்சத காந்தம். கோடு எந்தப் பக்கம் வளையுதுங்கிறதை வெச்சு, துகள் பாசிட்டிவ்வா நெகட்டிவ்வானு சொல்லலாம்.

இங்கேதான் பஞ்சாயத்து. சில கோடுகள் பாசிட்டிவ் பக்கம் வளைந்தன. அதெல்லாம் புரோட்டான் என்றார் மில்லிகன். புரோட்டானுக்கு இவ்வளவு மெல்லிய கோடு விழாதே, கீழிருந்து மேலே போகும் எலெக்ட்ரானா இருக்கலாம் என்றார் ஆண்டர்சன். போட்டோவில் கோடு தெரியும், போன திசை தெரியாதே! (அவ்வளவு பெரிய புரொஃபசரோட மோதுறப்போ அவருக்கு வயசு 26.)

ஆண்டர்சன் கருவிக்கு நடுவில் 6 மில்லிமீட்டர் ஈயத் தகடு ஒன்றை வைத்தார். தகட்டைத் துளைத்தால் துகளின் வேகம் குறையும், அப்புறம் அதிகமா வளையும். 1932 ஆகஸ்ட் 2-ம் தேதி அந்த போட்டோ கிடைத்தது. தகட்டுக்கு மேலேதான் வளைவு அதிகம். அப்போ துகள் மேல்நோக்கித்தான் போயிருக்கு. ஆனா, அந்தத் திசையில் போய் அப்படி வளையணும்னா அது பாசிட்டிவ்! எடையோ எலெக்ட்ரான் அளவுதான். புரோட்டானும் இல்லை, எலெக்ட்ரானும் இல்லை. ரெண்டு பேர் சொன்னதும் தப்பு!

அதுதான் பாசிட்ரான், மனிதன் பார்த்த முதல் ஆன்டிமேட்டர். அப்படி ஒண்ணு இருக்கலாம்னு 1931-லேயே டிராக் கணக்கு போட்டு எழுதியிருந்தார். ஆனா ஆண்டர்சன் அதைத் தேடிப் போகலை. பாரிஸில் ஜோலியோ-கியூரி தம்பதியும் இதே மாதிரி கோடுகளைப் பார்த்துட்டு, எலெக்ட்ரான்னு நினைச்சுக் கடந்துட்டாங்க.

1936-ல் நோபல். வயசு 31. ஸ்டாக்ஹோம் போக மில்லிகனிடமே 500 டாலர் கடன் வாங்கினார்.

1991-ல் இறந்தார். ஆஸ்பத்திரியில் எடுக்கிற பெட் ஸ்கேனில் வேலை பார்ப்பது அவர் கண்ட அதே பாசிட்ரான்தான். 2011-லிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஏஎம்எஸ் என்ற கருவி, இதேபோல காந்தத்தை வெச்சு, காஸ்மிக் கதிர்களில் ஆன்டிஹீலியத்தைத் தேடிட்டு இருக்கு.