விடுதலை ஆனவர்களுக்குச் சிறை!

குற்றவாளி அல்ல என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆனாலும் அந்த மனிதன் வீட்டுக்குப் போகவில்லை. மறுபடியும் சிறைக்கே இழுத்துச் செல்லப்பட்டான்.

ஏன்? ஜெயிலருக்குக் கொடுக்க அவனிடம் பணம் இல்லை!

இங்கிலாந்தில், பெட்போர்டு சிறையில் 1773-ம் ஆண்டில் நடந்துவந்த அநியாயம் இது. அதைக் கண்டு திடுக்கிட்டவர் ஜான் ஹோவார்டு.

1726-ல் பிறந்தவர். பணக்கார வியாபாரியின் மகன். ஆனால் சிறைக் கொடுமையை அவரும் அனுபவித்தவர். 1756-ல் கப்பலில் போர்ச்சுகலுக்குப் புறப்பட்டபோது, பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து பிரெஸ்ட் நகரக் கோட்டையில் அடைத்தார்கள். பட்டினி போட்டார்கள். பிறகு ஆட்டு இறைச்சியை உள்ளே வீசினார்கள். வெட்டக் கத்தி இல்லை. கைதிகள் நாய்களைப்போலக் கடித்துத் தின்றார்கள்.

1773-ல் ஹோவார்டு பெட்போர்டு ஜில்லாவின் ஷெரீப் ஆனார். சிறை அவர் பொறுப்பில் வந்தது. பல ஷெரீப்புகள் சிறைப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. இவர் நேரில் போனார்.

ஜெயிலருக்குச் சம்பளமே கிடையாது. கைதிகள் கொடுக்கும் கட்டணம்தான் வருமானம். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

ஜெயிலருக்குச் சம்பளம் கொடுக்கும்படி ஹோவார்டு நீதிபதிகளைக் கேட்டார். வேறு ஜில்லாவில் அப்படி வழக்கம் உண்டா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

உடனே குதிரை ஏறினார். பக்கத்து ஜில்லாக்களுக்குப் போனார். அங்கும் இதே கதை! இருட்டு, ஈரம், நாற்றம். தூக்கில் செத்தவர்களைவிடச் சிறைக் காய்ச்சலில் செத்தவர்களே அதிகம் என்று கண்டார். சிறை நாற்றம் அவர் உடையிலும் ஏறியது. மூடிய வண்டியில் உட்கார முடியவில்லை. குறிப்புப் புத்தகத்தைக்கூட நெருப்பில் காட்டிய பிறகுதான் தொட முடிந்தது!

1774-ல் பார்லிமெண்டு அவரை அழைத்து விசாரித்தது. யார் செலவில் இப்படி ஊர் சுற்றுகிறீர் என்று ஓர் அங்கத்தினர் கேட்டார். எல்லாம் சொந்தப் பணம்!

அந்த ஆண்டே இரண்டு சட்டங்கள் வந்தன. விடுதலை ஆனவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றது ஒன்று. சிறையைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்றது மற்றொன்று. ஹோவார்டு அவற்றைத் தம் செலவில் அச்சடித்து ஜெயிலர்களுக்கு அனுப்பினார். பல ஜெயிலர்கள் சட்டத்தை மதிக்கவில்லை. அதனால் மறுபடியும் புறப்பட்டார். 1777-ல் தாம் கண்டதை எல்லாம் புத்தகமாக வெளியிட்டார். ஐரோப்பியச் சிறைகளையும் சுற்றினார்.

1790 ஜனவரியில், இன்று உக்ரைனில் உள்ள கெர்சோன் நகரில், காய்ச்சல் கண்டு இறந்தார். சிலை வேண்டாம், சமாதியில் சூரியக் கடிகாரம் போதும் என்று சொல்லியிருந்தார்.

ஆனாலும் லண்டன் செயிண்ட் பால் ஆலயத்தில் 1796-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். சிலையின் கையில் ஒரு சாவி இருக்கிறது.