ராமாநுஜனும் பரீட்சையும்

கலாசாலைகளில் மாணாக்கர்களைச் சேர்த்துக்கொள்ளும் பருவம் வந்ததும், மார்க்குகளைப் பற்றிய விவாதமும் ஆண்டுதோறும் கிளம்புவது நமது நாட்டில் வழக்கமாகிவிட்டது. பள்ளியிறுதி மார்க்குகளைக் கொண்டு தெரிந்தெடுப்பதே நியாயம் என்பர் ஒரு சாரார். நுழைவுப் பரீட்சையே நியாயம் என்பர் மற்றொரு சாரார். இச்சமயத்தில் ஸ்ரீநிவாஸ ராமாநுஜனுடைய சரித்திரத்தை நமது வாசகர்கள் ஒருமுறை நினைவு கூர்வது நலமென்று கருதுகிறோம். அவர் கணித மேதை என்பதை எல்லோரும் அறிவர். பரீட்சை அவரை முதலில் தூக்கி விட்டதும், பின்னர் தள்ளியதும், கடைசியில் சட்டம் அவருக்கு வழிவிட்டதும் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை.

1887-ம் வருஷம் டிசம்பர் மாதம் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்த ராமாநுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தார். தகப்பனார் ஒரு ஜவுளிக் கடையில் சொற்பச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதி வந்தவர். சிபாரிசு செய்யப் பெரிய மனிதர்களோ, செலவு செய்யப் பணமோ இல்லாத அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு முதலில் கைகொடுத்தது பரீட்சையேயாகும். 1897-ல் ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே அவர் முதல்வராகத் தேறினார். டவுன் ஹைஸ்கூலில் பல பரிசுகள் பெற்று, 1904-ல் கணிதத்துக்குரிய ரங்கநாத ராவ் பரிசையும் அடைந்தார். அவ்வருஷமே கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். பரீட்சைகளையே ஒழித்துவிட வேண்டுமென்று வாதிப்போர் இதை மறக்கலாகாது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மார்க்கைத் தவிர வேறு சிபாரிசு ஏது?

ஆனால் அதற்கு முன்பே, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித சூத்திரப் புத்தகமொன்று அவர் கைக்கு எட்டியிருந்தது. அன்று முதல் அவருடைய மனம் கணிதத்தைத் தவிர வேறொன்றிலும் செல்லவில்லை. கலாசாலையில் இங்கிலீஷ் பாடத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. 1905-ல் ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு விசாகப்பட்டினம் சென்றார். 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்து எப்.ஏ. பரீட்சைக்குச் சென்றார், தேறவில்லை. மறு வருஷம் தனியாகவே எழுதிப் பார்த்தார்; அப்பொழுதும் தேறவில்லை. எல்லாப் பாடங்களிலும் தேறினாலன்றிப் பரீட்சையில் தேறியதாகாது என்பது அக்காலத்து விதி. பரீட்சகர்களை நாம் குறை கூறவில்லை. உடற்கூற்று நூலை அவர் படிக்கவில்லை என்பது உண்மையே. அவர்கள் அளந்தது சரிதான். ஆயினும், அந்த அளவுகோலில் அகப்படாத பொருளொன்று அந்த இளைஞரிடம் இருந்தது.

பட்டமுமின்றி, உத்தியோகமுமின்றி, கணக்குகள் நிறைந்த நோட்டுப் புத்தகங்களைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் பல வாயில்களுக்கு நடந்தார். இந்தியக் கணித சங்கத்தை ஸ்தாபித்த டிப்டி கலெக்டர் ராமஸ்வாமி ஐயர், பேராசிரியர் சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் ஆகியோர் அவற்றைப் புரட்டிப் பார்த்து ஆதரவளித்தனர். 1912 மார்ச்சு முதல் சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தமது சூத்திரங்களை எழுதியனுப்பினார். அடுத்த மாதம் சென்னைக்கு வந்திருந்த வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர், அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டுச் சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதினார்.

இதற்குப் பின் நிகழ்ந்ததே சட்டம் பயின்ற நமக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது. எப்.ஏ.யில் தவறியவருக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளிக்கச் சர்வகலாசாலையின் விதிகளில் இடமில்லை. அதிகாரிகள் விதியைக் காட்டிக் கதவை அடைத்திருந்தால் எவரும் அவர்களைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர்களோ விதிகளுக்கு மேற்பட்ட மூலச் சட்டத்தை எடுத்துப் பார்த்தனர். சர்வகலாசாலையை ஸ்தாபித்த சட்டமும், 1904-ம் வருஷத்து இந்தியச் சர்வகலாசாலைச் சட்டமும், அரசாங்கத்தின் சம்மதத்தின் பேரில் அதற்கு இடங்கொடுத்தன. சம்மதம் பெறப்பட்டது. மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷத்துக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. இருமுறை அவரைத் தள்ளிய அதே சர்வகலாசாலை இதைச் செய்தது என்பதை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

1914-ல் அவர் சீமை சென்றார். பட்டமில்லாத அவரைக் கேம்பிரிட்ஜும் ஏற்றுக்கொண்டு, 1916-ல் ஆராய்ச்சிக்காகப் பட்டமளித்தது. 1918-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். அவ்வருஷமே டிரினிடி கலாசாலையும் அவரைத் தன் பெல்லோவாகத் தெரிந்தெடுத்தது. நோயுற்று 1919-ல் தாய்நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி தமது 32-வது வயதில் சென்னையில் காலமானார்.

தமிழ்நாட்டில் தொழிற் கலாசாலைகளுக்குரிய நுழைவுப் பரீட்சை 2007-ல் நீக்கப்பட்டது. வைத்தியக் கல்விக்கு 2017-ல் அகில இந்தியப் பரீட்சை வந்தது. இரண்டில் எது நல்ல சல்லடை என்பது பெரிய கேள்விதான். பதினாயிரக்கணக்கானவரைப் பிரிக்கச் சல்லடை வேண்டும். சிபாரிசின் கொடுமையிலிருந்து ஏழைகளைக் காப்பதும் அதுவே. ஆயினும் எந்தச் சல்லடையிலும் சில மணிகள் தவறிப்போகும். அவற்றைத் தேடியெடுக்க ஒவ்வொரு சர்வகலாசாலையும் தன் விதிகளிலேயே ஒரு வழி வைத்திருத்தல் வேண்டும். அவ்வழி சிபாரிசுக்கு உபயோகமாகாதபடி, மாணாக்கனுடைய வேலையை அத்துறை அறிந்தவர்கள் பரிசீலித்துக் காரணத்தைப் பகிரங்கமாக எழுதிவைத்தலும் வேண்டும். ராமாநுஜனுடைய நோட்டுப் புத்தகங்களைத் திறந்து பார்க்க நாலு பேர் இருந்தார்கள். அப்படி ஒருவரையும் காணாமல், தவறியவர் பட்டியலோடு மறைந்துபோன இளைஞர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எந்தச் சர்வகலாசாலையின் ஏட்டிலும் இல்லை.